கயா கினோண்டோ: கறுப்புத் துணி கட்டிக்கொண்டு நுழைய வேண்டிய காடு

கென்யாவில் டியானி கடற்கரைக்குப் போகிற நம் ஆட்கள் நிறையப் பேர். வெள்ளை மணல், ஒட்டகச் சவாரி, ஓட்டலில் சாப்பாடு, இரண்டு நாள் முடிந்ததும் திரும்பிவிடுகிறார்கள். அதே கடற்கரையோரமாகத் தெற்கே இன்னும் கொஞ்சம் போனால் கயா கினோண்டோ என்று ஒரு காடு இருக்கிறது. 30 ஹெக்டேர்தான், நம் கணக்கில் 75 ஏக்கருக்குச் சற்றுக் குறைவு. அந்த ஊர்க்காரர்களே வழிகாட்டியாக நின்று அந்தக் காட்டைச் சுற்றிக்காட்டுகிறார்கள். அந்தச் சேவையைப் பற்றித்தான் எழுதுகிறேன், கூடவே மொம்பாசாவுக்கு அருகே ரபாயில் இருக்கும் பழைய கிறிஸ்தவ மிஷன் இடத்தைப் பற்றியும், ஏனென்றால் இரண்டில் ஒன்றை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான் கிடைக்கும். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், மொம்பாசா பக்கம் வருகிறவர்கள் ஒரு நாளை இதற்கென்று ஒதுக்குங்கள்.

முதல் தடவை ஒரு டூர் ஏஜென்ட் மூலமாகப் போனோம். பெயர் வேண்டாம். அவர் கொடுத்த பட்டியலில் இந்த இடத்துக்குப் போட்டிருந்த தலைப்பு 'மந்திரவாதிக் காடு'. வண்டி வந்து சேர்ந்தபோதே சாயங்காலம் நான்கு மணி தாண்டிவிட்டது, டிரைவர் அரை மணி நேரம் போதும், போட்டோ எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார், அதற்கு வாங்கிய காசோ நேராகப் போனால் ஆகிற செலவைப் போல மூன்று மடங்குக்கு மேல். உள்ளே போய்ப் பத்து நிமிஷத்திலேயே இது அவசரமாகப் பார்க்கிற இடம் இல்லை என்று தெரிந்துவிட்டது. அதனால் இரண்டாம் தடவை, ஒரு மாதம் கழித்து, நானும் மனைவியும் மகளும் தனியாகவே போனோம். கீழே எழுதுவது அந்த இரண்டாம் தடவையைப் பற்றி.

வழி சுலபம். மொம்பாசா தீவிலிருந்து லிக்கோனி ஃபெரியில் அக்கரைக்குப் போக வேண்டும், நடந்து ஏறுகிறவர்களுக்குக் காசு கிடையாது. அக்கரையில் உகுண்டாவுக்கு மட்டாட்டு நிற்கும், நம் ஊர் ஷேர் வேன் மாதிரி, ஆள் நிரம்பினால் கிளம்பும். உகுண்டாவில் இறங்கி டுக்டுக் பிடித்து கினோண்டோ என்றால் கொண்டுபோய் விடுவார்கள். காலையில் போங்கள், மத்தியானத்துக்கு மேல் வெயிலும் புழுக்கமும் சேர்ந்து ஆளை அடித்துப்போடும்.

காட்டு வாசலில் முதல் வேலை துணி கட்டுவது. கனிக்கி என்கிறார்கள், கறுப்புப் பருத்தித் துணி, கைலி மாதிரி இடுப்பில் சுற்றிக்கொள்ள வேண்டும், ஆண் பெண் எல்லாருக்கும் ஒன்றுதான். தலையில் தொப்பி இருக்கக் கூடாது. சத்தம் போடக் கூடாது, ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்து முத்தம் கொடுக்கக் கூடாது, கேட்காமல் போட்டோ எடுக்கக் கூடாது, உள்ளேயிருந்து எதையும் வெளியே கொண்டுவரக் கூடாது. எதையும் என்றால் எதையும்தான், காய்ந்த சுள்ளிகூட. இதையெல்லாம் வழிகாட்டி ஒரு தடவை நிதானமாகச் சொன்னார். அப்புறம் மரங்கள் தொடங்குகிற இடத்தில் நின்று 'ஹோடி' என்று கூப்பிட்டார். சுவாஹிலி பேசுகிற ஊர்களில் அடுத்த வீட்டு வாசலில் நின்று கூப்பிடுகிற சொல் அது, உள்ளே வரலாமா என்று அர்த்தம். வீட்டுக்காரர் 'கரிபு' என்று சொன்ன பிறகுதான் படி ஏற வேண்டும். இங்கே பதில் சொல்ல யாரும் இல்லை. அவர் கொஞ்ச நேரம் சும்மா நின்றார், நாங்களும் நின்றோம், பிறகு தலையசைத்துவிட்டு முன்னால் நடந்தார். கயா என்றாலே அவர்கள் மொழியில் வீடு, ஊர் என்று பொருள். அதனால்தான் அந்தக் கூப்பிடல்.

உள்ளே தரை முழுக்கப் பழைய பவளப்பாறை. கடல் எப்போதோ விட்டுப்போன பாறை, ஊசி ஊசியாக நிற்கிறது, அதன் சந்துகளில் வேர் விட்டுத்தான் இத்தனை பெரிய மரங்களும் நிற்கின்றன. ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு போகாதீர்கள், மூடிய ஷூ வேண்டும். ஆள் தொடை அளவு தடித்த கொடிகள் மரத்துக்கு மரம் தாவிக் கிடக்கின்றன. வெளியே கொளுத்துகிற வெயில் இங்கே இலைகளுக்கு நடுவே காசு காசாகத்தான் விழுகிறது. மேலே கறுப்பும் வெள்ளையுமாக நீண்ட முடியுள்ள கொலோபஸ் குரங்குகள், இரண்டு மட்டும் பார்த்தோம். வழிகாட்டி ஒரு இலையைக் கிள்ளாமல், செடியிலேயே வைத்துக் கசக்கி முகரச் சொன்னார், சளிக்கு ஆவி பிடிக்கிற இலையாம். பெரிய மரம் ஒன்றைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். இதை விளம்பரத்துக்குச் செய்கிற வேலை என்று சிலர் எழுதியிருப்பதைப் படித்திருந்தேன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மரப்பட்டையில் கன்னத்தை வைத்தபோது அது குளிர்ந்திருந்தது, அவ்வளவுதான் சொல்ல முடியும், ஆனால் அந்தக் குளிர்ச்சி இன்னும் நினைவில் இருக்கிறது.

திரும்பும்போது ஒரு சின்ன விஷயம் நடந்தது. மகளின் ஷூவுக்கடியில் ஒரு இலை ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. வழிகாட்டி குனிந்து அதை எடுத்து, மூன்று அடி திரும்ப நடந்து போய், காட்டுக்குள்ளேயே போட்டுவிட்டு வந்தார். எங்களிடம் ஒன்றும் சொல்லவில்லை. இது வழக்கமாகச் செய்கிற காரியம் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

இந்தக் காடுகளின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், தெரியாமல் போனால் வெறும் மரங்கள் மாதிரித்தான் தெரியும். கென்யக் கடற்கரையில் வாழும் மிஜிகெண்டா மக்கள் ஒன்பது குலத்தார். டிகோ, துருமா, ரபாய், கிரியாமா, கவுமா, சோன்யி, ஜிபானா, கம்பே, ரிபே. வடக்கே ஷுங்வாயா என்ற இடத்திலிருந்து, ஒரோமோ என்ற இனத்தாரின் நெருக்கடியால் இறங்கி வந்தோம் என்பது அவர்கள் முன்னோர் சொல்லிவந்த வரலாறு. வந்தவர்கள் அடர்ந்த காட்டுக்கு நடுவே வேலி கட்டி ஊர் அமைத்தார்கள், ஊரின் காவலுக்கு ஃபிங்கோ என்ற மந்திரப் பொருளை நிலத்தில் புதைத்தார்கள். சுற்றியுள்ள காடுதான் மதில். காட்டை வெட்டினால் மதில் போய்விடும், அதனால் வெட்டக் கூடாது. பிற்பாடு காலம் அமைதியானதும் ஜனங்கள் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வந்து வயல் பக்கம் குடியேறினார்கள், 1940-கள் வாக்கில் உள்ளே யாரும் குடியில்லை. முன்னோரின் கல்லறைகளும் ஃபிங்கோவும் மட்டும் உள்ளே இருந்தன. அதனால் விதியும் இருந்தது. மரம் வெட்டியவன் பெரியவர்களிடம் வந்து ஆடோ கோழியோ கொடுத்துக் குற்றம் தீர்க்க வேண்டும். மிஜிகெண்டா பெரியவர்களிடம் துப்பாக்கியோ முள்வேலியோ சம்பளக் காவலரோ இல்லை, இந்த ஒரு விதியை வைத்துக்கொண்டே பல தலைமுறை காட்டைக் காப்பாற்றினார்கள். சுற்றியிருந்த கடற்கரைக் காடெல்லாம் போன பிறகும் இவை நிற்கின்றன, வேறெங்கும் கிடைக்காத செடிகள் பல இவற்றுக்குள்தான் மிச்சம்.

விதி தளர்ந்த காலமும் உண்டு. டியானி சுற்றுலாவுக்குப் பேர் வாங்கியதும் கடலோர நிலத்தின் விலை ஏறியது, கயாக்களின் ஓரங்களை ஓட்டல்களும் நிலம் வாங்குகிறவர்களும் கடித்துக்கொண்டே வந்தார்கள். பக்கத்திலேயே இருக்கும் சாலே தீவு, அதுவும் ஒரு கயாதான், இன்று அதில் ஓட்டல் இருக்கிறது. 1992-ல் தொடங்கி கென்ய அரசு கயாக்களை தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவித்தது. 2008-ல் பத்துக் காடுகளை யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது, அதில் கினோண்டோவும் ஒன்று. அடுத்த வருஷமே, 2009-ல், கயாக்களைச் சார்ந்த வழக்கங்களை 'உடனடியாகக் காப்பாற்ற வேண்டியவை' என்ற இன்னொரு பட்டியலிலும் சேர்த்தார்கள். இந்த இரண்டாவது பட்டியலைப் பற்றி யாரும் பேசுவதில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மரம் நிற்கிறது, அந்த மரத்தை ஏன் தொடக் கூடாது என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைகிறார்கள், அந்தச் சொல் போனால் மரமும் எத்தனை நாள் நிற்கும்?

அதனால்தான் இந்த வழிகாட்டிச் சேவைக்குக் கொடுக்கிற காசை நான் நுழைவுக் கட்டணமாக நினைக்கவில்லை. இந்த ஏற்பாட்டால் அங்கே பிறந்து வளர்ந்த இளைஞன் ஓட்டல் வேலைக்குப் போகாமல் தாத்தாவிடம் செடியின் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள ஒரு காரணம் இருக்கிறது. எங்களைக் கூட்டிப்போனவர் மரத்துக்கு மரம் நின்று அந்த ஊர்க்காரர்களான டிகோக்களின் மொழியில் பெயர் சொன்னார், எந்த வேர் எதற்கு, எந்தப் பட்டையைப் புதன்கிழமை எடுக்க மாட்டார்கள் என்கிற அளவுக்கு. விரும்பினால் கிராமத்துக்கும் வைத்தியரிடமும் கூட்டிப்போகிறார்கள், நாங்கள் போகவில்லை, நேரம் காட்டுக்குள்ளேயே முடிந்துவிட்டது.

டிகோக்கள் பெரும்பாலும் இஸ்லாமியர்கள், எங்கள் வழிகாட்டியும் அப்படித்தான். மகள் அவரிடம் நேராகக் கேட்டாள், நீங்கள் மசூதிக்கும் போவீர்கள், இங்கேயும் வந்து கும்பிடுவீர்களா என்று. அவர் கோபப்படவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகிறேன், இங்கே என் பாட்டன்மார் படுத்திருக்கிறார்கள், அவர்கள் வீட்டுக்கு வரும்போது அவர்களுக்கு மரியாதை, மழை கொடுக்கிறவர் ஒருவர்தானே என்றார். மகளுக்கு அது போதுமானதாக இருந்தது. எனக்குப் போதவில்லை, ஏனென்றால் நான் திருநெல்வேலிச் சீமையில் கிறிஸ்தவ சபையில் வளர்ந்தவன், அதே கேள்விக்கு எங்கள் பக்கம் கிடைத்த பதில் வேறு. அதனால்தான் அடுத்த வாரம் ரபாய்க்குப் போனேன்.

ரபாய்க்கு மொம்பாசாவிலிருந்து நைரோபி சாலையில் மஸெராஸ் வரை போய் உள்ளே திரும்ப வேண்டும். யோஹன் லுட்விக் கிராஃப் என்ற ஜெர்மானியர் 1844-ல் சிஎம்எஸ் (சர்ச் மிஷனரி சொசைட்டி) மிஷனரியாக மொம்பாசாவுக்கு வந்தார். வந்த சில மாதங்களிலேயே மனைவியும் பிறந்த குழந்தையும் காய்ச்சலில் இறந்துபோனார்கள். 1846-ல் ரெப்மன் என்ற இன்னொரு மிஷனரி வந்து சேர்ந்ததும் இருவரும் ரபாய்க்குப் போய்த் தங்கினார்கள், தங்க இடம் கொடுத்தவர்கள் ரபாய் மக்களின் பெரியவர்கள், கயாவைக் காத்துவந்த அதே மக்கள். கிராஃப் சுவாஹிலிக்கு இலக்கணமும் அகராதியும் எழுதினார், வேதாகமத்தின் சில பகுதிகளை மொழிபெயர்த்தார். ரெப்மன் இருபத்தொன்பது வருஷம் அங்கேயே கிடந்து கண் பார்வை போன பிறகுதான் ஊர் திரும்பினார். இதைக் கேட்டுக்கொண்டிருந்தபோது எனக்கு ரேனியஸ் ஐயர்தான் ஞாபகத்துக்கு வந்தார். அவரும் ஜெர்மானியர், அதே சிஎம்எஸ், 1820-ல் பாளையங்கோட்டைக்கு வந்தவர், தமிழுக்கு இலக்கணம் எழுதியவர், புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்தவர். ஒரே வீட்டிலிருந்து புறப்பட்ட இரண்டு ஆட்கள் மாதிரி. இன்னொரு இந்தியத் தொடர்பும் உண்டு. அடிமைக் கப்பல்களிலிருந்து மீட்கப்பட்டு நாசிக்கில் மிஷன் பள்ளியில் வளர்ந்த ஆப்பிரிக்கப் பிள்ளைகளில் சிலர் 1860-களில் ரபாய்க்குத்தான் அனுப்பப்பட்டார்கள். தப்பி வந்த அடிமைகளுக்கு ரபாய் அடைக்கலமாக இருந்தது. இந்த நன்மைகளை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன்.

ஆனால் இப்போது அருங்காட்சியகமாக இருக்கும் அந்த மிஷன் இடத்தை விட்டு வெளியே வந்து மேட்டில் நின்று கயாக் காட்டைப் பார்க்கும்போது மனது கனத்தது. இடம் கொடுத்தவர்களின் காட்டை, வந்தவர்கள் இருட்டு என்று சொன்னார்கள். இன்றும் கடற்கரைப் பக்கம் சில சபைகளில் கயாவைப் பேய் குடியிருக்கும் இடம் என்று பிரசங்கம் செய்வதுண்டு. என்னோடு வேலை செய்கிற ஒரு கிரியாமா நண்பர், நல்ல விசுவாசி, தன் சொந்தக் கயாவின் பக்கம் இதுவரை போனதே இல்லை என்றார், அம்மா போகாதே என்று வளர்த்தாராம். கிரியாமாக்களின் கயா ஃபுங்கோவை 1914-ல் வெடி வைத்துத் தகர்த்தது சபை அல்ல, பிரிட்டிஷ் அரசாங்கம். மேகடிலிலி வா மென்ஸா என்ற பெண்மணி அதற்கு முந்தின வருஷம் அங்கேதான் ஜனங்களைக் கூட்டி, அரசுக்கு ஆள் கொடுப்பதில்லை, வரி கொடுப்பதில்லை என்று சத்தியம் வாங்கியிருந்தார். வெடியால் போனது ஒரு நாளில் போனது. பயமும் மரியாதையும் போனது ஞாயிற்றுக்கிழமைகளில், மெதுவாக. அந்த மரியாதை போன பிறகுதான் இறந்த பெரியவர்களுக்காக நாட்டிய விகாங்கோ மரச்சிற்பங்களை ஆட்கள் பிடுங்கி விற்றார்கள், அவை அமெரிக்க அருங்காட்சியகங்கள் வரை போயின, கொஞ்சம்தான் திரும்பி வந்திருக்கின்றன.

கென்யாவின் சூழல் போராளி வங்காரி மாத்தாய் இதையே மலைப்பக்கத்திலிருந்து சொன்னார். அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது வீட்டுப் பக்கத்தில் பெரிய அத்தி மரம், முகுமோ. அது கடவுளின் மரம், அதிலிருந்து விறகு பொறுக்கக் கூடாது என்பார் அம்மா. மரத்தடியில் ஊற்று. படித்துவிட்டுத் திரும்பி வந்து பார்த்தால் மரத்தை வெட்டித் தேயிலை வைத்திருந்தார்கள், ஊற்று வற்றியிருந்தது. அவர் கத்தோலிக்கர், கன்னியாஸ்திரிகளின் பள்ளியில் படித்தவர், விசுவாசத்தை விட்டவர் அல்ல. 1977-ல் பசுமைப் பட்டை இயக்கம் தொடங்கி 2004-ல் நோபல் வாங்கிய அவருக்கு அம்மா சொன்ன விலக்கின் அர்த்தம் புரிந்தது: வேர் நிலத்தடி நீரைப் பிடித்து மேலே கொண்டுவருகிறது, மண் சரியாமல் காக்கிறது. எங்கள் ஆச்சியும் சுடலைமாடன் கோயில் உடை மரத்திலிருந்து ஒரு முள்கூட ஒடிக்க விட மாட்டார், ஞானஸ்நானம் வாங்கிய ஆச்சிதான். நாங்கள் அதைப் பழைய பயம் என்று நினைத்தோம்.

சபை வேறு மாதிரியும் நடந்துகொள்ள முடியும் என்பதற்கு ஜிம்பாப்வேயில் ஓர் உதாரணம் இருக்கிறது. மஸ்விங்கோ பகுதியில், 1980-களின் கடைசியில் முன்னோர் வழிபாட்டுப் பெரியவர்களும் முன்னோர் ஆவி இறங்கிப் பேசுகிறவர்களும் சேர்ந்து காடு வளர்க்க ஒரு சங்கம் தொடங்கினார்கள், போரில் மொட்டையான நிலத்துக்கு மறுபடி உடை உடுத்துவது என்பது அவர்கள் பேச்சு. 1991-ல் அங்குள்ள சுதேச சபைகளும் ஒரு சங்கமாகச் சேர்ந்தன. மார்தினஸ் டானீல் என்ற இறையியலாளர் இரண்டுக்கும் துணை நின்றார். அந்தச் சபைகளில் திருவிருந்துக்கு வருகிறவர்கள் கையில் மரக்கன்றோடு வந்தார்கள். அப்பம் வாங்குவதற்கு முன் பாவ அறிக்கை, அதில் பச்சை மரத்தை வெட்டினேன், ஆற்றங்கரையில் உழுதேன் என்று சொல்லி அறிக்கை செய்தார்கள். பிறகு கன்றை நட்டார்கள். அவரவர் முறையில் வேண்டிக்கொண்டாலும் இரண்டு கூட்டமும் நட்டது ஒரே மலைச்சரிவுகளில். கடற்கரை கென்யாவில் சபைப் பெரியவர்களும் கயாப் பெரியவர்களும் அப்படி ஒரு நாள் சேர்ந்து நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசை. எங்கள் மொம்பாசா தமிழ் ஜெபக்கூட்டத்தில் இதைச் சொன்னேன், இரண்டு குடும்பம் முகம் சுளித்தது, மூன்று குடும்பம் அடுத்த தடவை எங்களையும் கூட்டிப்போங்கள் என்றது.

போகிறவர்களுக்கு: ஏஜென்ட் வேண்டாம், நேராகப் போய் வாசலில் கட்டணத்தைக் கேட்டுக் கொடுங்கள், வழிகாட்டிக்குத் தனியாகவும் ஏதாவது கொடுங்கள். சின்னப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாம், ஆனால் முட்டி வலி உள்ள பெரியவர்களுக்குப் பவளப்பாறை கஷ்டம். கொசுவுக்குக் கை கால் மூடிய உடுப்பு. தண்ணீர் பாட்டிலை மறக்காமல் திரும்பக் கொண்டுவாருங்கள். அவசரம் இருந்தால் போகவே வேண்டாம், குறைந்தது ஒன்றரை மணி நேரம் வேண்டும். முதலில் கினோண்டோ, அப்புறம் ரபாய், இந்த வரிசையில் போங்கள். நான் ஆகஸ்டில் மறுபடி போகிறேன், இந்த முறை அந்த கிரியாமா நண்பரும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். தொப்பியை வீட்டிலேயே வைத்துவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.